சுருங்கிய வயிறு

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஜெபக்குமார் கண்ணைத் திறக்காமலே ரிசீவரை எடுத்தார். மறுபடியும் கரண்ட் கட். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சார்... தெய்வாத்தாள் பேசறனுங்க. பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஆத்தப்பனோட அக்காங்க. எந்தம்பி செத்துட்டானுங்க..."

"எப்படிம்மா?"

"அவன் பொண்டாட்டியே கொன்னுட்டாளுங்க."

பெருமூச்சோடு தொப்பியைத் தேடினார்.

ஆத்தப்பன். வயது நாற்பத்தாறு. எடை நூற்று நாற்பது கிலோ. கோயம்புத்தூரில் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. திடீரென்று வயிற்று வலி... காய்ச்சல். மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

பிணமாகத்தான் திரும்பினார்.

ஆபரேஷன் செய்த டாக்டரும் தூங்கிப் பல நாளானவர் போலத்தான் இருந்தார்.

"தையல் ஆறுற வரைக்கும் தண்ணி ஆகாரம் மட்டும்தான் சார். யாரோ கெட்டியான சாப்பாடு குடுத்திருக்காங்க. தையல் விட்டுப்போச்சு. மறுபடி திறந்து பார்த்தப்ப..."

"என்ன?"

"உள்ள கறித்துண்டு கெடந்துச்சு."

ஜெபக்குமார் தன் தொப்பையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "இந்த ஆபரேஷன் அவசியந்தானா டாக்டர்? நடந்தே குறைச்சிருக்கலாமே?"

"நடந்து பார்த்தாரு. பதினஞ்சு கிலோ எறங்கி, இருபது ஏறுச்சு. சுகர் வேற, மூச்சுத்திணறல் வேற. ஆபரேஷன் பண்ணாலும் ஆயுசுக்கும் நடக்கணும், வாயைக் கட்டணும். ஒண்ணுக்கு ஒண்ணு எதிரியில்லை. ஊர்லதான் சண்டை மூட்டி விட்டுட்டாங்க."

பெருமாநல்லூர் வீட்டில் கூட்டம்.

ஆத்தப்பனின் மனைவி செல்லாத்தாள் சமையலறை மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உடலின் பக்கத்தில்கூட அவளை விடவில்லை.

"ஆபரேஷன் வேண்டாம்னு சண்டை போட்டீங்களாமே?"

"போட்டனுங்க. பயமுங்க. 'படுத்தா மூச்சு முட்டுது செல்லா, எப்படியாச்சும் பொழைக்கணும்'னு அழுதாருங்க. சரின்னுட்டனுங்க."

"அவருக்குக் கறி குடுத்தது யாரு?"

"கறியா?" நிமிர்ந்தாள். "புரட்டாசி மாசமுங்க. ஊட்டுக்குள்ள முட்டைகூட வராதுங்க. வடிகட்டின கஞ்சித்தண்ணியும் மோரும்தானுங்க குடுத்தேன்."

ஜெபக்குமார் தெய்வாத்தாளைப் பார்த்தார். அவள் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினாள்.

"அது நெசந்தானுங்க."

"வெளியே எங்கயாச்சும் போனாரா?" செல்லாத்தாளிடம் கேட்டார்.

"காத்தால நடக்கறதுக்கு மட்டுமுங்க. டாக்டர்தான் மெதுவா நடக்கச் சொன்னாரு. ஜிம் வெச்சிருக்கற தமிழ்செல்வன் தம்பி கார்ல கூட்டிட்டுப் போயி, கொண்டாந்து உடும்ங்க. முன்னாடி அந்த ஜிம்முக்குத்தான் போயிட்டிருந்தாரு. ஆபரேஷன் பண்ணிட்டாரேன்னு ஒரு முகச்சுளிப்பு இல்லீங்க. தங்கமான தம்பி..."

ஜெபக்குமார் மெல்ல எழுந்தார். முழங்கால் வலித்தது.

ஜிம் வாசலில் பெரிய போர்டு. 'கத்தியின்றி எடை குறைப்பு!'

உள்ளே மெஷின்கள் மட்டும் இருந்தன. ஆட்கள் இல்லை. ஒட்டிய வயிறும் ட்ராக் பேன்ட்டுமாகத் தமிழ்செல்வன் எழுந்து வந்தான்.

"எத்தனை தடவை சொன்னேன் தெரியுங்களா சார்? கத்தி வெச்சா இப்படித்தானுங்க ஆகும். இப்பப் பாருங்க, ஆபரேஷனுக்கு நாள் குறிச்ச முதலாளிக எல்லாம் பயந்துட்டு எனக்குப் போன் பண்றாங்க."

ஜெபக்குமார் சைக்கிள் மெஷினில் சாய்ந்து உட்கார்ந்தார். கூட வந்த ஏட்டு மொக்கைச்சாமி கதவருகே நின்றார்.

"ஆத்தப்பன் சாகறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு தமிழ்செல்வன்."

"என்ன... என்னன்னுங்க?"

"கறி குடுத்தது யாருன்னு."

தமிழ்செல்வனின் கை அருகிலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"நாலு துண்டுதானுங்க சார். மெஸ்ல வாங்கி, கார்ல வெச்சுக் குடுத்தேன். டாக்டருங்க சும்மா பயமுறுத்துவாங்க, சாப்பிடுங்கண்ணான்னேன். கஞ்சித்தண்ணி குடிச்சுக் காஞ்சு கெடந்தாரு... சாப்பிட்டுட்டாரு."

"ஏன்?"

"ஒவ்வொருத்தரா ஆபரேஷனுக்குப் போயிட்டிருந்தாங்க சார். நான் எடை எறக்கிக் காட்டின மனுசன்... அவரே போயிட்டாரு. ஒரு ஆபரேஷன் கெட்டாப் போதும், மிச்சப்பேரு இங்க வந்துருவாங்கன்னு நெனைச்சேன். ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கெடப்பாருன்னுதான்... சாவாருன்னு நெனைக்கலீங்க."

ஜெபக்குமாருக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. செல்போனை எடுத்தார்.

"தெய்வாத்தாள் அம்மாவா? கொன்னது வேற ஆளு. உங்க தம்பி சம்சாரத்தை அவர் பக்கத்துல உக்கார விடுங்க. இனியாச்சும் அழுகட்டும்."

போனை வைத்துவிட்டார்.

தமிழ்செல்வன் தரையைப் பார்த்தபடி கேட்டான். "அண்ணன்... என்னைப் பத்தி வேற என்ன சொன்னாருங்க?"

"ஒண்ணுமே சொல்லலைய்யா. ஆஸ்பத்திரிக்கு நினைவில்லாமதான் வந்தாரு. அப்படியே போயிட்டாரு."

தமிழ்செல்வன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "அப்ப..."

"சொன்னது நீதான்."

மொக்கைச்சாமி விலங்கை மாட்டினார். "சார், ஜீப்பை வாசலுக்கு எடுத்துட்டு வரட்டுங்களா?"

"வேண்டாம்யா. ஸ்டேஷன் பக்கந்தானே... நடத்தியே கூட்டிட்டு வா. தம்பிக்குக் கத்திதான் ஆகாது, நடை ரொம்பப் பிடிக்கும்."