அர்ச்சுனன் எண்ணிய ஊசல்

1934ஆம் ஆண்டு, மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் ஜெயபாலன் லாபிஸ் என்ற சிற்றூரின் ரயிலடியில் இறங்கினான். சிங்கப்பூர்க் கல்லூரியில் பௌதிகம் படிக்கிறவன். கூடப் படித்த அர்ச்சுனன் காய்ச்சலோடு இந்த ஊருக்கு, தன் வீட்டுக்கு வந்து, ஒன்பதாம் நாள் செத்துப்போய் இரண்டு வாரமாகியிருந்தது. இருவருக்கும் பொதுவான சோதனை நோட்டு அவனிடம் மாட்டிக்கொண்டது. அது இல்லாமல் ஜெயபாலனைப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். துக்கம் விசாரிக்கிற சாக்கில் அதை வாங்கிப் போகத்தான் வந்திருந்தான். வெட்கமாகத்தான் இருந்தது, என்றாலும் நோட்டு வேண்டுமே.

அர்ச்சுனனின் அம்மா வெள்ளையம்மா கதவைத் திறந்தாள்.

"வாங்க தம்பி. நோட்டு அவன் ரூம்லதான் இருக்கு, போய் எடுத்துக்குங்க. நான் உள்ள போறதில்ல."

சன்னல்கள் அடைத்த அறை. மருந்து வாடை இன்னும் போகவில்லை. உத்தரத்திலிருந்து நூலில் ஓர் ஈயக் குண்டு தொங்கியது.

ஆடிக்கொண்டிருந்தது.

காற்றில்லை. யாராவது தட்டிவிட்டிருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். அவன் படித்த பௌதிகம் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை.

மேசையில் நோட்டு விரிந்து கிடந்தது. கல்லூரியில் ஊசல் சோதனை செய்யும்போது அர்ச்சுனன் ஆட்டத்தை எண்ணுவான், ஜெயபாலன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வான். நோட்டில் எண்ணிக்கைக் கட்டம் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தது. எல்லாம் அர்ச்சுனன் கையெழுத்து. கடைசித் தேதி நேற்று.

நேரக் கட்டம் மட்டும் காலி.

ஜெயபாலன் தடுமாறி வெளியே வந்தான். "அம்மா, தப்பு என் மேலதான். ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் சோதனை பண்ணும்போதே அவனுக்கு உடம்பு கொதிச்சது. படுக்கணும்னு கெஞ்சினான். முடிச்சிட்டுப் போடான்னு நான்தான் எண்ண வச்சேன்." சொல்லிவிட்டு அழுதான்.

"தெரியும் தம்பி." அவள் குரலில் கோபமே இல்லை. "உயிர் போற வரைக்கும் எண்ணிக்கிட்டேதான் கெடந்தான். எரிச்சிட்டு வந்தும் நிக்கல. தெனமும் உங்களத்தான் கேக்குறான்."

அறைக்குள் மெல்லிய குரல் கேட்டது.

"நாப்பத்தெட்டு... நாப்பத்தொம்போது... அம்பது. நேரம் சொல்லுடா, ஜெயபாலா."

ஜெயபாலன் வாசல் கதவைப் பார்த்தான். வெள்ளையம்மா அதற்குள் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

"சொல்லுங்க தம்பி," என்று கும்பிட்டாள். "எம்புள்ள தூங்கணும்."

அவன் கடிகாரத்தைப் பார்க்கக்கூட இல்லை. வாயில் வந்த ஒரு நேரத்தைச் சொன்னான்.

உள்ளே பேனா கிறீச்சிட்டது. நின்றது.

"பொய் சொல்றடா. மறுபடி எண்ணுறேன். சைபர்... ஒண்ணு..."

வெள்ளையம்மா அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.