தம்பிராஜாவின் கால்

காரின் பானட்டுக்குள் தலையை விட்டபடி ஏகாம்பரம், "அமுக்கு," என்றான். எண்ணெய் பெடல் அமுங்கியது. பெடலிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் கம்பி சரசரவென்று நகர்ந்து, உள்ளே காற்றை அடைத்து நிற்கும் வட்டத் தகடு முழுதாகத் திறந்தது. "விடு," என்றான். கொஞ்சம் தாமதித்துத்தான் விட்டது. பெண்டாட்டி தெய்வானை என்றைக்குச் சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்தாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவன் ஸ்பேனரை எடுத்தபோது, சமையலறைப் பக்கமிருந்து தெய்வானையின் குரல் கேட்டது.

"என்னங்க, இன்னும் எவ்வளவு நேரம்? ஜெயாவுக்குத் தலை பின்னி முடிச்சாச்சு!"

ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தான். டிரைவர் இருக்கை காலியாக இருந்தது.

விடிந்தால் நாட்டுக்குச் சுதந்திரம். கஜா பெராங் தெருக்கள் முழுக்கக் கொடியும் காகிதத் தோரணமுமாகத் திமிலோகப்பட்டுக் கொண்டிருந்தது. சாயங்காலமே ஜனங்கள் கைப்பிள்ளைகளோடு கடற்கரைத் திடலுக்கு நடையைக் கட்டியிருந்தார்கள். நடக்கட்டும். இந்தத் தெருவிலேயே பெண்டாட்டியையும் ஒன்பது வயது மகளையும் சொந்தக் காடியில் வைத்து அலங்கார விளக்குப் பார்க்க அழைத்துப் போகப் போகிறவன் அவன் ஒருவன்தான். நாளெல்லாம் பெய்யாமல் மிரட்டிக்கொண்டிருந்த மழையில் ஜிங்க் தகரக் கூரைக்குக் கீழே புழுக்கம் கட்டி நின்றது. பெட்ரோல் வாடைக்கும் கிரீஸ் வாடைக்கும் நடுவே, ஈரச் செம்மண்ணும் ரப்பர் இலையும் அழுகினாற்போல ஒரு நாற்றம் காடிக்குள்ளிருந்து லேசாக வந்துகொண்டிருந்தது.

அது தம்பிராஜா ஓட்டிய டாக்சி. தம்பிராஜாவைக் கண்டாலே ஏகாம்பரத்துக்கு ஆகாது. டிரைவர்கள் எல்லோரையுமே அப்படித்தான். இஞ்சினுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலால் பெடலை மிதிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத கூட்டம். போன வருஷம் தம்பிராஜா வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, முதலாளி ஸ்க்ரூ வச்சு எண்ணெயைக் கட்டிப் போட்டிருக்காரு. நாப்பது மைலுக்கு மேல போக மாட்டேங்குது. எடுத்து வுடுங்களேன்."

"பறக்கணுமா உனக்கு? போய் உக்காந்து அமுக்கு."

ஏகாம்பரம் ஸ்க்ரூவை எடுத்ததோடு நிற்காமல், தகடு திரும்புவதற்கு எல்லையாக இருந்த இரும்பு முனையையும் அரத்தால் ராவித் தள்ளினான். அதன்பின் ஒரு தடவை அமுக்கச் சொன்னபோது தகடு எல்லை தாண்டிப் போய்க் குழாயில் சிக்கிக்கொண்டது. "விடு" என்றும் மூடவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தான். சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு டிரைவரிடம் போய் மெக்கானிக் தன் பிழையைச் சொல்வதா? "போ, எல்லாம் சரி," என்று அனுப்பிவிட்டான்.

மூன்றாம் நாள் செங் ஊர்ப்பக்கத்து வளைவில் டாக்சி ரப்பர் மரத்தில் ஏறியது; தம்பிராஜா அங்கேயே செத்தான். இஞ்சின் கடைசிவரை அலறிக்கொண்டே இருந்ததாம். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம், "காலுக்கு அடக்கம் இல்லாத பய சார்," என்று ஏகாம்பரம் கூசாமல் சொன்னான். பிறகு அந்த ஓட்டைக் காடியை அவனே எடுத்து, நிமிர்த்திப் பெயின்ட் அடித்தான்.

இப்போது தன் குடும்பம் ஏறுகிறதல்லவா, அதனால் ராவிய முனையில் இரும்பு வைத்து ஒட்டி, புது ஸ்க்ரூ போட்டு, முப்பது மைலுக்கு மேல் போகாதபடி நட்டால் இறுக்கியிருந்தான். அதைத்தான் சரிபார்த்துக் கொண்டிருந்தான். குனிந்து பார்த்தான். இறுக்கிய ஸ்க்ரூ கடைசி மரை வரை வெளியே வந்திருந்தது.

மறுபடி இறுக்கினான். கை வேர்த்து ஸ்பேனர் வழுக்கியது. வாயைத் திறக்கவில்லை, யாரையும் அமுக்கச் சொல்லவில்லை. கம்பி நகர்ந்தது. மெதுவாக. காலை வைத்து ஆழம் பார்ப்பது போல. தகடு திறந்தது. ஸ்க்ரூ அவன் கண்ணெதிரிலேயே சுற்றிச் சுற்றி வெளியே வந்தது.

பயம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. உயிரோடு இருந்தபோதே அவன் ஒரு பெடல் மிதிக்கிற பயல். செத்த பிறகு மெக்கானிக்கிடம் என்ன கிழித்துவிடப் போகிறான்? காடி வேண்டாம், நடந்தே போகலாம் என்று தெய்வானையிடம் சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று எப்படிச் சொல்வது?

கம்பியின் இரண்டு முனையிலும் இருந்த பின்களைப் பிடுங்கினான். கம்பி முழுதாகக் கையோடு வந்தது. பெடலுக்கும் இஞ்சினுக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

"இப்ப அமுக்குடா பாப்போம்," என்றான்.

சத்தமே இல்லை. அவன் சிரித்தான்.

மழை பிடித்துக்கொண்டது. ஜிங்க் கூரை அதிர்ந்தது. அந்த இரைச்சலில் காடியின் பின்கதவு திறந்து மூடிய சத்தம் தாமதமாகத்தான் அவனுக்கு உறைத்தது. தெய்வானை சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, புதுப் பாவாடை நனையாமல் ஜெயாவைத் தள்ளிக்கொண்டு ஏறியிருந்தாள். தூக்கி நின்ற பானட் அவர்களை மறைத்தது.

"ஏறாதீங்க! எறங்குங்க!" என்றான். மழை அதை விழுங்கியது.

உள்ளே ஜெயாவின் குரல். கணீரென்று.

"அப்பா, ஏன் செருப்பக் கழட்டிட்டீங்க?"

ஏகாம்பரம் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். செருப்பு இருந்தது. இரண்டிலும்.

"நை நைன்னு கேக்காம உக்காருடி," என்றாள் தெய்வானை. "என்னங்க, பாத்து மெதுவா ஓட்டுங்க."

"ம்," என்றது முன் இருக்கை.

இஞ்சின் உயிர்பெற்றது. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

காடி பின்னால் உருண்டது. நான்கு பழமும் பிதுங்கின. பானட் தானாக விழுந்து மூடிக்கொண்டது. முன்கண்ணாடி வழியே பார்த்தான். டிரைவர் இருக்கையில் ஒருவரும் இல்லை. பின்னால் தெய்வானை தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அந்த வெற்று இருக்கையைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவனிடம் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

காடி தெருவில் திரும்பியது. திடல் பக்கம் இல்லை. செங் பக்கம்.

"ஜெயா!"

ஓடினான். செருப்பு கழன்றது. "விடு! டேய், விடு! நான் செஞ்சதுதான்டா, நான்தான்டா!" யாரும் திரும்பவில்லை. சிவப்பு விளக்கு இரண்டும் மழைக்குள் சிறுத்துப் போயின. இஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

நடுத்தெருவில் நின்றான். அப்போதுதான் கை உணர்ந்தது. எதனோடும் ஒட்டாத அந்தக் கம்பி, இறுகிய விரல்களுக்குள், தானாக நகர்ந்தது. ஓர் அங்குலம். இன்னும் ஓர் அங்குலம். பிடித்துப் பார்த்தான். தோலை உரித்துக்கொண்டு நழுவியது. பெடல் அமுங்க வேண்டிய தூரம் முழுதும் போனது.

அங்கேயே நின்றது. திரும்பி வரவில்லை.