தளும்பாத டம்ளர்

கோத்தகிரி மலைப்பாதையில் இப்போது யாரும் வாந்தி எடுப்பதில்லை. ஒவ்வொரு காரின் அடியிலும் சமன்தாங்கி இருந்தது. பழைய சுருள்வில்கள் இருந்த இடத்தில் நான்கு மின்கால்கள். சக்கரம் குழியில் இறங்கினால் கால் நீளும், மேட்டில் ஏறினால் சுருங்கும். உள்ளே இருப்பவர்களுக்குச் சாலை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

நவநீதன் தன் பழைய காரில் அதைப் பொருத்தியது மனைவி சுகந்திக்காக. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவளுக்குச் சின்னக் குலுங்கலும் ஆகாது.

"கொஞ்சம் ரோட்டுணர்வு வெச்சுரலாமுங்களா?" என்று பொருத்தியவர் கேட்டார்.

"வேண்டாமுங்க. சுத்தமா எடுத்துருங்க."

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் காரை நகர்த்தினார்கள். "ஏனுங்க, இன்னும் ஏத்தலையா?" என்று சுகந்தி கேட்டபோது பழங்கள் நசுங்கிக் கிடந்தன. எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து முன்பலகையில் டம்ளர் நிறையத் தேநீர் வைத்து மலை இறங்குவது அவளுக்கு விளையாட்டு. ஒரு சொட்டுகூடத் தளும்பியதில்லை.

ஐப்பசி மழையில் மருத்துவரிடம் காட்டக் கீழே போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு வளைவில் மரக்கிளை விழுந்து கிடந்தது. நவநீதன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். கிளையில் கை வைப்பதற்கு முன்பே உள்ளங்காலில் அது தெரிந்தது. தார் நடுங்கியது.

திரும்பிப் பார்த்தான். பள்ளத்துப் பக்கம் சாலை சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து மின்கால்கள் முழங்கால் அளவுக்கு நீண்டிருந்தன. கார் மட்டும் மேசைபோல மட்டமாக நின்றது.

"சுகந்தி! இறங்கு!"

அவள் ஆவி படிந்த கண்ணாடியை இறக்கினாள். "டீ ஆறுது. நனையாம வாங்க."

"ரோடு இறங்குது! இறங்கும்மா!"

"எங்கே இறங்குது? டம்ளரைப் பாருங்க, அசையவே இல்லை."

ஓடிவந்து கதவைத் திறந்து அவள் கையைப் பற்றினான். "ஐயோ, இழுக்காதீங்க, முதுகு! இருங்க, நானே வர்றேன்" என்று சிரித்தபடி, காலடியில் செருப்பைத் தேடினாள்.

"செருப்பு வேண்டாம்!"

"நிலைப்பு சீராக உள்ளது" என்றது கார்.

மின்கால்கள் அதற்கு மேல் நீளவில்லை. நவநீதனின் கையில் அவளுடைய வளையல் ஒன்று மிஞ்சியது. கார் பள்ளத்தில் சரிந்து போன இடத்திலிருந்து வெகுநேரம் மண் சரியும் சத்தம் மட்டும் வந்தது.

மேலிருந்து வெளிச்சம் வந்தது. சாலை நடுவே நின்று இரு கைகளையும் விரித்தான். கார் நின்றது. பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் வரிசையாக.

"ஏங்க, சாகறதுக்கு எங்க வண்டிதான் கிடைச்சுதா?" முதல் காரில் இருந்தவர் கேட்டார். மடியில் ஒரு குழந்தை அசங்காமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"முன்னால ரோடு இல்லைங்க. பின்னாலயும் விரிசல் விட்டிருக்கு. நீங்க அதைத் தாண்டித்தான் வந்திருக்கீங்க."

"விரிசலா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரியாதுங்க. குழந்தையைத் தூக்கிட்டு இறங்குங்க. செருப்பைக் கழற்றிட்டு ஒரு தடவை கீழே கால் வெச்சுப் பாருங்க."

"இந்த மழையிலயா?" என்று அவர் கண்ணாடியை ஏற்றினார்.

நவநீதன் வளையலோடு கண்ணாடியை அடித்தான். வரிசையில் இருந்த கார்கள் ஒலி எழுப்பத் தொடங்கின. எல்லாம் மட்டமாக நின்றன. எல்லாவற்றுக்கும் பள்ளத்துப் பக்கத்துக் கால்கள் மெல்ல நீண்டுகொண்டிருந்தன.