ஞாயிற்றுக்கிழமை வீங்கிய உதடு

“பிளேடு அண்ணனோட கேஸ் ஷீட்டைக் கொடுங்க டாக்டர். நான் பார்க்கணும்.”

அச்சகத்து மருந்தகத்தில் மருந்து கட்டித் தரும் வேலைக்கு அவள் சேர்ந்த அன்றே டாக்டர் சொன்ன விதி இது: சீட்டில் இருப்பதைக் கட்டிக் கொடு, கேஸ் ஷீட்டைக் கேட்காதே. இரண்டு வருடம் கேட்கவில்லை. வியாழன் காலை 9.20க்குக் கேட்டுவிட்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எதுக்கும்மா? அந்தச் சமையல்காரம்மா முந்திரியைப் போட்டுட்டாங்க. அலர்ஜி. அவ்வளவுதான்.”

“போடலைன்றாங்க.”

“போட்டவங்க போட்டேன்னா சொல்லுவாங்க? போய் வேலையைப் பாரு.”

செவ்வாய் மதியம் 1.10. எல்லோரும் ‘பிளேடு அண்ணன்’ என்று கூப்பிடும் கட்டிங் மெஷின்காரருக்கு, கேன்டீனில் சாப்பிட்டுக் கை கழுவும்போது நாக்கு வீங்கியது. 1.30க்குப் பேச்சு நின்றது. டாக்டர் இரண்டு முறை அட்ரினலின் ஊசி போட்டார், வீக்கம் அசையவில்லை. மருத்துவமனையில் தொண்டைக்குள் குழாய் விட்டுத்தான் உயிரைப் பிடித்து வைத்தார்கள். 2.00க்குச் சமையல்காரம்மாவை வேலையை விட்டு நிறுத்தினார் மேலாளர். இன்று மாலை போலீசில் புகார்.

9.40. சமையல்காரம்மா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

“எண்பத்தி நாலு பேர் தின்னாங்க கண்ணு. எண்பத்தி மூணு பேர் ஏப்பம் விட்டாங்க. முந்திரியாம்! வெங்காயத்துக்கே மூக்கால அழுவாரு உங்க மேனேஜரு.”

“அண்ணன் உடம்புல தடிப்பு, அரிப்பு ஏதாவது?”

“நான்தான் சட்டையைக் கழட்டி முதுகைத் தடவி விட்டேன். தோல் வழவழன்னு இருந்துச்சு. சொறியவும் இல்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போலீஸ் வந்தா என் மருமகள் முகத்துல எப்படி முழிப்பேன்?”

10.05. அவள் பிளேடு அண்ணனின் மனைவிக்குப் போன் போட்டாள்.

“குழாயை எடுத்தாச்சும்மா. பேசறாரு. என்னைத் திட்டவும் ஆரம்பிச்சாச்சு.”

“நல்லது அண்ணி. இதுக்கு முன்னாடி எப்பவாவது வீங்கியிருக்கா?”

“மூணு வாரம் முன்னாடி மேல் உதடு. ஞாயித்துக்கிழமை, வீட்டுல. பன்னு மாதிரி ஆயிடுச்சு, நான் ஒரே சிரிப்பு. மறுநாள் உங்க டாக்டர்கிட்ட காட்டினாரு. பல்லுன்னு சொல்லிட்டாராம்.”

ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் கிடையாது.

“இருமல் உண்டா?”

“அட, உனக்கு யாரு சொன்னா? ரெண்டு மாசமா வறட்டு இருமல். பக்கத்துல படுக்க முடியல.”

“பிரஷர் மாத்திரை?”

“கையோட கொண்டு வந்திருக்கேன். இங்க யாரும் கேக்கல, நான்தான் ஞாபகமா எடுத்துட்டு வந்தேன். சாப்பிட்டதும் குடுக்கணும்.”

“குடுக்காதீங்க அண்ணி.”

“டாக்டர் எழுதினதை நீ நிறுத்தச் சொல்றியா? அவர் சொல்லட்டும், நிறுத்தறேன்.”

10.15. செவ்வாயன்று டாக்டர் மருத்துவமனைக்கு அனுப்பிய கடிதத்தின் நகலை அவள் தன் கோப்பிலிருந்து எடுத்தாள். ஒரு வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு கதவைத் தட்டாமல் டாக்டர் அறைக்குள் போனாள். மேலாளரும் அங்கே இருந்தார்.

“அண்ணிக்குப் போன் போடுங்க டாக்டர். இன்னும் கொஞ்ச நேரத்துல அந்த பிரஷர் மாத்திரையை, எனலாப்ரிலைக் குடுக்கப் போறாங்க.”

டாக்டரின் முகம் வெளுத்தது. உடனே எண்ணை அழுத்தினார். “அந்த மாத்திரை வேண்டாம்மா… ஆமா, நிறுத்திடுங்க.”

“என்ன நடக்குது இங்க?” என்றார் மேலாளர்.

“முந்திரி இல்ல சார், மாத்திரை. அலர்ஜின்னா பெரும்பாலும் தோல் தடிக்கும், அரிக்கும், அட்ரினலினுக்கு அடங்கும். இது வேற வழி. இந்த மாத்திரை சிலருக்கு உடம்புல பிராடிகைனின்ங்கிற, வீக்கம் உண்டாக்குற ஒரு பொருளைத் தேங்க வைக்கும். அதனால வறட்டு இருமல் வரும். உதடு, நாக்கு, தொண்டையும் வீங்கலாம். ஆரம்பிச்சு மாசக்கணக்கு ஆனப்புறமும் வரும். மாத்திரையை நிறுத்தறதுதான் முதல் வைத்தியம்.”

“டாக்டருக்கே தெரியலையா அப்ப?”

“தெரிஞ்சுது. ரெண்டாவது ஊசியும் கேக்கலைன்னதும் தெரிஞ்சுது.” நகலை மேசையில் வைத்தாள். “‘வழக்கமான மருந்துகள்: எதுவும் இல்லை’ன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்காரு. மாசாமாசம் முப்பது மாத்திரை கட்டித் தர்ற எனக்கு இது பொய்னு தெரியாதா? உதட்டைப் பல்லுன்னு சொன்னது தப்பு. யாருக்கும் வரும். இந்த வரி தப்பு இல்ல டாக்டர், குற்றம்.”

டாக்டர் மேசையைப் பார்த்தார். “வேலைக்குத் திரும்பினதும் சத்தமில்லாம மாத்திரையை மாத்திடலாம்னு இருந்தேன். அந்தம்மா கையில வெச்சிருப்பாங்கன்னு நினைக்கல.”

அவள் மேலாளரிடம் திரும்பினாள். “மாத்திரைப் பொட்டலத்தை வாங்கக்கூட ஆள் வரக் கூடாது, மெஷின் நிக்கக் கூடாதுன்னு சூப்பர்வைசர் கூடையில மொத்தமா அள்ளிட்டுப் போறாரு. வந்திருந்தா அந்த இருமல் என் காதுல விழுந்திருக்கும்.”

மேலாளர் தொண்டையைச் செருமினார். “சரி, மாத்திரையை நிறுத்தியாச்சு. திங்கக்கிழமை சமையல்காரம்மா வரட்டும், மன்னிச்சு விட்டுடறோம். எழுத்துல எதுவும் வேண்டாம்.”

“செய்யாததுக்கு மன்னிப்பா? நாளைக்கு வேற டாக்டர் இதே வகை மாத்திரையை எழுதினா அண்ணன் எந்த எழுத்தைக் காட்டுவாரு?”

“யோசிச்சுப் பேசு. கட்டினது நீ. உன் பேரும் வரும். உங்க வீட்டுல படிச்சு வேலைக்கு வந்ததே நீ ஒருத்திதான்.”

“அதனாலதான் சார் யோசிச்சுட்டேன். ஆஸ்பத்திரியில முதல்ல என் பேரைத்தான் சொல்லப் போறேன்.”

10.40. அவள் நகலை எடுத்துக்கொண்டு வெளியேறினாள், கதவைச் சாத்தவில்லை. மேலாளர் பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். அவள் படியிறங்கி, வாசலைத் தாண்டி, மருத்துவமனைச் சாலையில் நடந்துகொண்டிருந்தாள்.