பக்கம் சாய்ந்த மொழிபெயர்ப்பாளன்

ரயிலையே வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு கடல் கடக்கும் கப்பல் அது. மேல்தளத்துக் கண்ணாடியில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மூலையில் ஒதுங்கி நின்ற செலீனாவை, கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஒருவனின் இரண்டு கண்கள் பார்த்தன. இமை அடர்ந்த, சிரிக்கத் தெரிந்த கண்கள்... வேறு நாளென்றால் ரசித்திருப்பாள். இன்று அதற்கெல்லாம் நேரமில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு. தமிழ் முகம் கண்டால் மகிழ்வதா, பயப்படுவதா என்று தெரியாத காலம். எந்த ஆயுத இயக்கத்து ஆளோ, யாருக்குத் துப்புக் கொடுப்பவனோ, யார் கண்டது? தமிழரின் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடும் விண்ணப்பங்களை டென்மார்க் அதிகாரிகள் வேண்டுமென்றே தூங்கவைக்கிறார்கள் என்று, அவள் இருந்த ஹேர்னிங் நகரத்துத் தொழிற்சாலைகளில் குசுகுசுத்தார்கள். செலீனாவின் அகதி விண்ணப்பமோ தூங்கவில்லை, நிராகரிக்கப்பட்டே விட்டது. அவள் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி என்பதையே அவர்கள் நம்பவில்லை. இன்று பிற்பகல் கொப்பன்ஹேகனில், நீதிபதி ஒருவர் தலைமையில் மேன்முறையீட்டு விசாரணை. அங்கேயும் இல்லையென்றால் ஊருக்குப் பிளேன் ஏற்றிவிடுவார்கள்.

அவன் கிட்ட வந்தான். ஸ்ரிபன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். அடுத்து, தமிழன் தமிழனைக் கண்டதும் கேட்கும் அதே கேள்வி.

"ஊரிலை எவடம்?"

"மன்னார்..." என்று வாய் கூசாமல் சொன்னாள். மன்னாரில் எவடம் என்றான். அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர் பேசாலை. அதைச் சொன்னாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவனும் பேசாலையாம்! செலீனா மாட்டிக்கொண்டாள். கத்தோலிக்க வேதக்காரர் இருவர் சந்தித்தால் அடுத்தது கோயில் கதைதானே? கோயிலடியிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்றான். அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்து வீடுதான் என்று சொல்லிவிட்டாள். ஊரை மாற்றத் துணிந்தவளுக்கு, பிறந்தது முதல் கும்பிட்ட பாசையூர் அந்தோனியாரை மாற்ற மனம் வரவில்லை.

"பேசாலையிலை மாதா கோயில் எல்லோ... அந்தோனியார் எப்ப குடிவந்தவர்?"

உதட்டோரம் ஒரு சிரிப்பு. அவளுக்கு முகம் சிவந்தது. விறுவிறுவென்று படியிறங்கி ரயிலுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். கன்னத்தில் குழி விழ ஏன் சிரித்தான்... அவனை ஏன் நினைக்கிறேன் என்று தன்னையே திட்டினாள்.

விசாரணை அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நீதிபதிக்குப் பக்கத்தில், மொழிபெயர்ப்பாளருக்கான கதிரையில், அதே கண்கள்!

முடிந்தது. இப்போது இவள் பாசையூர் என்று சொல்லுவாள். கப்பலில் மன்னார் என்றாளே என்று அவன் போட்டுக்கொடுப்பான். பிறகென்ன, பிளேன்தான். தனக்காகவே அவனைக் கப்பலில் விட்டு வேவு பார்த்திருக்கிறார்கள் என்று கூட நினைத்தாள்.

அவள் வாய் திறக்குமுன் ஸ்ரிபன் எழுந்து டெனிஷில் ஏதோ சொன்னான். நீதிபதி கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். அவளுடைய வக்கீல் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஸ்ரிபன் வெளியே போனான், அவனுடைய இடத்துக்கு யோகம்மா என்ற இன்னொரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து வந்தார்கள். செலீனா உள்ளதை உள்ளபடி சொல்லி முடித்தாள். தீர்ப்புக்கு வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

நடைவழியின் கோடியில், யன்னலோரம், அவன் இன்னும் நின்றான். நேரே போனாள்.

"என்னைப் பற்றி அங்க என்ன சொன்னனீங்கள்?"

"உங்களைப் பற்றி ஒண்டுமில்லை. என்னைப் பற்றித்தான்..." அவன் தரையைப் பார்த்தான். "மொழிபெயர்க்கிறவன் ஒரு பக்கமும் சாயக்கூடாது. நான் காலமை கப்பலிலையே சாய்ஞ்சிட்டன் எண்டு சொன்னன்."

பொய்யாக இருக்குமோ? நல்லவன் மாதிரி நடிக்கிறானோ? அவன் கண்களுக்குள் தேடித் தேடிப் பார்த்தாள். பயத்தைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. அவளுக்காகப் பயப்படுகிறான்... இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவளுக்காக ஒருவரும் பயந்ததில்லை.

கதவு திறந்தது. வக்கீல் அம்மா ஏதோ சொன்னார். அதைத் தமிழாக்க யோகம்மா முன்னுக்கு வந்தார். செலீனா கையைக் காட்டித் தடுத்துவிட்டு ஸ்ரிபனைப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லுங்கோ. நம்புறன்."

அவன் குரல் உடைந்தது.

"இருக்கலாமாம்... நீங்கள் இஞ்சையே இருக்கலாமாம்."

கண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே அவள் புருவத்தை உயர்த்தினாள்.

"ஆரோடை எண்டு சொல்லேல்லையோ?"