இடப்பக்கத்துக்காரி

மத்தியானத் தூக்கத்திலிருந்து அவள் விழித்தபோது போர்வைக்குள் யாருடைய கையோ கிடந்தது.

சில்லென்றிருந்தது. முதலில் கணவனுடையது என்று நினைத்தாள். ஆனால் லிஃப்ட் மெக்கானிக்கான அவன் கை உப்புத்தாளாகச் சொரசொரக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் கிரீஸ் வாடை போகாது. இது மெல்லிய கை. பெண்பிள்ளையின் கை. தன் வலது கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த தடிப்பு. ஓகோ, இவளும் நம்மைப்போலத் தையல்காரிதான் போலிருக்கிறது என்று எண்ணினாள். அதற்கப்புறம்தான் பயந்தாள்.

“என்னங்க... இங்க வாங்களேன். யாரோ படுத்திருக்காங்க.”

கணவன் ஈரத்துண்டோடு ஓடி வந்தான். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

“யாரும் இல்லம்மா. அது உன் கை.”

“என் கை இதோ இருக்கே.” வலது கையை ஆட்டிக் காட்டினாள்.

அவன் அந்த இன்னொரு கையைத் தூக்கினான். மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று தொட்டுத் தொட்டுக் காட்டினான். தோளில் அது அவளோடு சேர்ந்துதான் இருந்தது. கண்ணால் பார்த்தாள். ஒட்டுப் போட்டவள் கைதேர்ந்தவள்; தையலே தெரியவில்லை.

தலையில் அறுவைச் சிகிச்சை முடிந்து பதினெட்டு நாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஏழு உதவியாளர்கள் புடைசூழ ஊர்வலமாக வந்து, “நூறு பர்சென்ட் சக்சஸ்” என்று கட்டிலின் காலில் தொங்கிய அட்டையிடம் அறிவித்துவிட்டு, நோயாளியைத் தவிர அங்கிருந்த எல்லோருடனும் கைகுலுக்கிவிட்டுப் போனார். எலுமிச்சை அளவுக் கட்டியை எடுத்தாயிற்று. அதோடு வேறென்ன போயிற்று என்பதைச் சின்ன டாக்டர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். கண்ணில் பழுதில்லை, ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை மறந்துவிட்டது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறதே என்று அழுவாள். இடது கையும் விழுந்துவிட்டது. சரியாக ஆறு மாதமாகலாம்.

மிச்சம் இருந்தது வலி. காதுக்குப் பின்னால், மண்டையோட்டுக்குள், நூல் கோக்காத மிஷினை யாரோ மிதித்துக்கொண்டே இருந்தார்கள். தெருவில் ஒரு ஹாரன், குக்கரின் ஒரு விசில், பக்கத்து வீட்டுக் கதவு என்று எது கேட்டாலும் மிதி வேகமெடுக்கும்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த அம்மாள் படைத்தளபதி மாதிரி. வீட்டுக்குள் நுழைந்ததுமே உத்தரவு போட்டாள்.

“எல்லாத்தையும் இடது பக்கம் வைங்க. தண்ணி, ஃபோன், எதுமேல ஆசையோ அது எல்லாம். தேடட்டும். தேடினாத்தான் மூளை கத்துக்கும்.”

உத்தரவு என்றால் கணவனுக்கு லிஃப்ட் கம்பெனியின் கையேடு மாதிரி. ஒரு திருகாணி விடமாட்டான். தண்ணீர் போயிற்று. ரேடியோ போயிற்று. கட்டிலைத் திருப்பிப் போட்டதில் ஜன்னலும் போயிற்று. ஒரே சாயங்காலத்தில் அவளுக்குப் பிரியமானதெல்லாம் உலகத்தின் இல்லாத பாதிக்குக் குடிபெயர்ந்தது. கடைசியாக, அண்ணன் வீட்டில் விட்டிருந்த மகளும்.

ஆறு வயது. வீட்டில் வாலு என்று பெயர். மழித்த தலையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டதாம். கணவன்தான் தூக்கிவந்து இடப்பக்கத்து முக்காலியில் உட்கார வைத்தான்.

சீவிய பென்சில் வாடை வந்தது. ஈர சாக்ஸ் வாடை வந்தது.

“அம்மா, நான் வந்துட்டேன்.”

“எங்கடி தங்கம்?”

“இங்கதான்.”

திரும்பினாள். பார்வை அறையின் நடுவில் போய் முட்டி நின்றது. அதற்கப்பால் இருட்டுக்கூட இல்லை. இருட்டு இருந்தாலும் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடுமே. அங்கே ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததிலிருந்து குழந்தை மூச்சுவிடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பிறகு சமையலறையில் குசுகுசுவென்று: “அப்பா, அம்மாவுக்கு என்மேல கோவமா? என்னைப் பாக்கவே மாட்டேங்கறா.”

தலையில் தையலுக்குப் பதிலாகப் போட்ட முப்பத்திரண்டு பின்னில் ஒன்றுகூட அவ்வளவு வலித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். ஃபோனில் வருவதையெல்லாம் படித்து எல்லாத் துறையிலும் நிபுணரானவர். எதிரே மைக் இருப்பதாகவே எண்ணிப் பேசுவார்.

“மூளையில தொண்ணூறு பர்சென்ட்டை நாம உபயோகிக்கறதே இல்லம்மா. கொஞ்சம் போனா என்ன?”

“உங்களுக்கு முழுசாப் போனாலும் தெரியாதுண்ணா.”

கணவன் மூன்று வாரத்தில் முதல்தடவையாகச் சிரித்தான். “பாத்தீங்களா மாப்ளே, நக்கல் திரும்பி வந்துடுச்சு. குணமாயிட்டா!” என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். வலி என்பது மனசு சம்பந்தப்பட்டது, சிரித்த முகமாக இருந்தால் ஓடிவிடும் என்றும் சொன்னார். அவருக்குப் போன மாதம் பல்வலி வந்தபோது தெருவே விழித்திருந்தது என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

“அண்ணா, அந்தக் கை நேத்து அசைஞ்சுது.”

“நல்லதுதானே!”

மறுநாள் பயிற்சி அம்மாள் வந்து சோதித்தாள். தூக்கினாள், விட்டாள், தொப்பென்று விழுந்தது. குண்டூசியால் குத்தினாள். அட்டையில் ‘அசைவு இல்லை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். “ஆசைப்படறது தப்பில்லம்மா. ஆனா அசையல.” அந்த அம்மாள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, போர்வைக்குள் அந்த விரல்கள் இவள் தொடையைக் கிள்ளின. மெதுவாக. சபையில் அதிகம் பேசும் பெண்ணைக் கிள்ளுகிற மாதிரி.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வலிக்கு அந்த அம்மாள் ஒரு வித்தை சொல்லித் தந்திருந்தாள். நாலு எண்ணி மூச்சை இழு. ஆறு எண்ணி விடு. எதையாவது இறுக்கிப் பிடி. வலியை அதில் இறக்கு. அவள் வலது கையில் ஒரு துணிச்சுருளை வைத்துக்கொண்டு பிடித்துப் பார்த்தாள். வலி இறங்கவில்லை. ஒரு மத்தியானம், பற்களெல்லாம் கிட்டித்துப்போன நேரத்தில், சில்லென்று அந்தக் கை வந்து தலையணையின் மூலையைப் பற்றியது. இறுக்கியது. வலி, குழாயைத் திருப்பிவிட்டதுபோல, இங்கிருந்து அங்கே வடிந்தது.

அன்றைக்கு அவள் பயத்தை விட்டுவிட்டாள். தையலில் இடது கைக்கு ஒரே வேலைதான்: பிடித்துக்கொள்வது. வலது கை வெட்டும், திருப்பும், பேர் வாங்கும். இடது கை துணியைப் பிடித்தால் மிஷின் நிற்கும்வரை விடாது. பாவம், வேலை தெரிந்தவள் என்று நினைத்தாள். கணவன் வேலைக்குப் போனபிறகு அந்த இடப்பக்கத்துக்காரியோடு பேசக்கூடச் செய்தாள். “இன்னிக்கு கொஞ்சம் கெட்டியாப் புடி, என்ன?” என்பாள். அவளும் பிடித்தாள்.

தலையணை கிழிந்து பஞ்சு வெளியே வந்தது. பிளாஸ்டிக் டம்ளர் நொறுங்கிக் கிடந்தது. ரேடியோவின் கைப்பிடி ஒடிந்திருந்தது.

“யாரு வேலை இது? வாலு!”

“நான் இல்லப்பா. அம்மா கைதான். நான் பாத்தேன்.”

“அம்மா கை அசையாதுன்னு எத்தனை தடவை சொல்றது? பொய் சொல்றியா?”

“சத்தியமாப்பா...”

குழந்தை விசும்பியது. கட்டிலில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். ஆமாம், கைதான் என்று சொன்னால், கட்டிப்போடுவார்கள், ஊசி போடுவார்கள், எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வலி முழுக்க மறுபடி இவள் ஒருத்தி தலையில். அவள் கண்ணை மூடித் தூங்குவதுபோலக் கிடந்தாள். வாழ்க்கையில் அவள் செய்த ஆகக் கேவலமான காரியம் அதுதான் என்று அவளுக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை. இரண்டு தெரு தள்ளி ஏதோ கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஒரு கிழவர் மாட்டிக்கொண்டாரென்று ஃபோன் வந்தது. கணவன் பையைத் தூக்கினான்.

“பத்து நிமிஷம். வாலு, அம்மாவைப் பாத்துக்கோ. முக்காலில உக்காரு, இந்தப் பக்கம்தான், சரியா?”

கதவு சாத்தியது. மழை தகரத்தில் விழும் சத்தம். முக்காலி தரையில் தேயும் சத்தம். இன்னும் கொஞ்சம் அருகே. பென்சில் வாடை. தோளில் ஒரு சின்னத் தலையின் கனம் சாய்வதுபோல இருந்தது.

“அம்மா, இன்னிக்காவது என்னைப் பாரேன்.”

“நீ பேசிக்கிட்டே இருடி. உன் சத்தத்தைப் புடிச்சுக்கிட்டே வந்துடறேன்.”

“என்ன பேச?”

“எதையாவது. ஸ்கூல்ல என்ன நடந்துது?”

“இன்னிக்கு டீச்சர் நாற்காலிலேருந்து விழுந்துட்டாங்க. யாரும் சிரிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு அவங்களே சிரிச்சுட்டாங்க. அப்புறம்மா...”

கழுத்தைத் திருப்பினாள். ஜன்னல் இருந்த இடத்தின் விளிம்பு. சுவரில் ஒரு கீற்று. நடுவில் அந்த இல்லாமை. அதில் நெற்றியை முட்டித் தள்ளினாள். மிஷின் கிளம்பியது. காதுக்குப் பின்னால், பின் குத்திய இடம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தது. நாலு எண்ணி இழுத்தாள். ஆறு எண்ணி விட்டாள். துணிச்சுருளை இறுக்கினாள்.

“அப்புறம்மா, அம்மா... அம்மா, வ...”

வலி இறங்கியது.

இதுவரை இறங்காத அளவுக்கு இறங்கியது. மிஷின் நின்றது. இத்தனை நாளில் இல்லாத நிசப்தம் தலைக்குள். அவளுக்குக் கண்ணீர் வந்தது, நிம்மதியில்.

தலையணை வலது பக்கம், அவள் முதுகுக்குக் கீழே இருந்தது.

டம்ளர் குப்பைக்குப் போய்விட்டது.

மழை பெய்தது. பேச்சு நின்றிருந்தது.

“வாலு?”

கால் ஒன்று கட்டில் சட்டத்தில் உதைத்தது. இன்னொரு தடவை. மெதுவாக.

திரும்பினாள். எலும்பு நகரும் சத்தம் கேட்டது. திரும்பினாள். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ கிழிந்தது. கிழிந்த வழியாகத் தலையை நுழைத்தாள்.

மகள் இருந்தாள்.

முழுசாக. இரண்டு கண்ணும், இரண்டு காதும். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது விழுந்ததே அவளுக்குத் தெரியாது. வாய் திறந்திருந்தது. கண் அகன்று, நேராக அவளையே பார்த்தது. அந்தக் கண்ணில், பயத்துக்கும் அடியில், அம்மா பார்த்துவிட்டாள் என்ற சந்தோஷம் இன்னும் இருந்தது.

சீருடைக் காலருக்கு மேலே ஐந்து விரல்.

“விடு.”

வலது கை பாய்ந்தது.

“விடு. எனக்கே குடு. வலியெல்லாம் எனக்கே குடு. விடுடி.”

சுண்டுவிரலைப் பிரித்தாள். மிஷின் ஒரு மிதி மிதித்தது. மோதிரவிரலைப் பிரித்தாள். இன்னொரு மிதி. நடுவிரலுக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள், கண் இருண்டது, நெம்பினாள். அது எழுந்து வரும்போது, சுண்டுவிரல் அவசரமே இல்லாமல் மடிந்து, துணியில் விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதுபோல, பழைய இடத்திலேயே போய்ப் படிந்தது.