மூத்தவளுக்கு ஒரு முழுப் பக்கம்

எந்தத் தொகுதியைத் தொட்டாலும் கை கறுத்தது. ஆனால் அந்த நினைவஞ்சலிப் பக்கத்தில் மட்டும் தூசியே இல்லை, யாரோ இப்போதுதான் புறங்கையால் துடைத்துவிட்டுப் போன மாதிரி.

நாளிதழ் அலுவலகத்தின் பின்கட்டு அது. பழைய இதழ்களை வருடவாரியாகத் தைத்து, கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். வெளியே மழை விடாமல் கொட்டியது. ஈரம் ஏறிய காகிதத்தின் புளித்த வாடையில் தொண்டை கமறியது. பக்கத்து அறையில் பைண்டர் அண்ணன் நூல் இழுக்கும் சத்தம் சர், சர் என்று விட்டு விட்டுக் கேட்டது.

வீட்டுக்காரர் குடும்ப வரலாறு எழுதுகிறாராம். பரம்பரைப் பெயர் எங்கெல்லாம் அச்சில் வந்திருக்கிறதோ பார்த்துக் குறித்துவரச் சொல்லி, இரண்டாம்தாரமான இவளை இறக்கிவிட்டுப் போயிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் புத்தகத்தில் செத்துப்போன மூத்தவளுக்கு முழுப் பக்கம் என்றாரே, "அப்ப எனக்கு?" என்று இவள் கேட்டதற்கு என்ன சொன்னார் தெரியுமா?

"உன்னப் பத்தி எழுத என்ன இருக்கு? நேத்து வந்தவதானே நீ."

அடேயப்பா! ஆக்கிப்போட இவள், கால் பிடித்துவிட இவள், பேர் மட்டும் அந்த மகராசிக்கா? மூத்தவளைப் பற்றிக் கேவலமாக ஒரு வரி சிக்காதா என்றுதான், உண்மையைச் சொன்னால், இவள் வந்ததே.

சிக்கியது அவள் முகம், வீட்டுக் கூடத்தில் மாலை போட்டுத் தொங்குகிற அதே முகம். தூசியில்லாத அந்தப் பக்கம், வீட்டுக்காரரின் தாத்தா இறந்துபோன தன் முதல் மனைவிக்குக் கொடுத்த அஞ்சலி. அதே ஏறுநெற்றி. ஒரு பக்கமாகக் கோணும் அதே சிரிப்பு. குடும்பச் சாயல் என்று சொல்லவும் வழியில்லை. மூத்தவள் உறவில்லாத அந்நியத்திலிருந்து வந்தவள், அந்தக் காலத்தில் பிறந்தே இருக்கமாட்டாள்.

இன்னும் பழைய தொகுதியை இழுத்தாள். கொள்ளுத்தாத்தாவின் முதல் மனைவி. அதே சிரிப்பு. அதற்கும் முந்தையதில், மை மங்கி, அதே சிரிப்பு. இந்த வீட்டு ஆண்கள் எல்லாருமே இரண்டாவது கல்யாணம் செய்திருக்கிறார்கள். இளையவளாக வந்த ஒருத்திக்கும் அரை வரி அஞ்சலிகூட இல்லை.

பயம் வந்திருக்க வேண்டும். வந்ததோ ஆத்திரம்.

"இந்தக் காலத்துலயும் நீ, அந்தக் காலத்துலயும் நீயா? எனக்குன்னு எதையும் விடமாட்டியாடி?"

பைண்டரின் மேசையில் கிடந்த பிளேடை எடுத்துவந்து முகத்தைச் சுற்றி வெட்டினாள். வட்டமாக ஓட்டை விழுந்தது. அடியில் அடுத்த பக்கம் தெரியவில்லை. இருட்டு. அதிலிருந்து வெதுவெதுப்பாக மூச்சு வந்தது.

குனிந்தாள்.

நூல் சத்தம் நின்றது. மழையும்.

இப்போது ஓட்டை மேலே இருந்தது. இவள் கீழே. அசைய முடியவில்லை. மேலே ஒருத்தி நிமிர்ந்தாள். இவளுடைய உடுப்பு. இவளுடைய வளையல். கோணல் சிரிப்பு.

வாசலில் வீட்டுக்காரரின் குரல். "வந்துட்டியா, என் கண்ணு? வா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

கண்ணு! இவளை ஒருநாளாவது அப்படிக் கூப்பிட்டிருப்பாரா? கத்தப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பைண்டர் அண்ணனின் முகம் ஓட்டையை மறைத்தது.

"அடப்பாவமே, யாரு இப்படி வெட்டி வெச்சது?"

அண்ணே. நான்தான். அண்ணே.

அவர் ஒரு வெள்ளைத் துண்டை அளவு பார்த்து வெட்டினார். பசை தடவினார். ஈரமாக அது மேலே இறங்கியது. விரலால் ஓரம் ஓரமாக நீவி அழுத்தினார்.

இருட்டு.

வலப்பக்கம் ஒரு மூச்சு. இடப்பக்கம் ஒன்று. காலடியில் இன்னும் பல. எல்லாம் பெண்கள்.

"கொஞ்சம் தள்ளிப் படும்மா," என்றது ஒரு கிழட்டுக் குரல், காதோரம். "உன் வீட்டுக்காரன் மகனும் ரெண்டாந்தாரம் கட்டுவான். அவளுக்கும் இடம் வேணுமில்ல?"